சாவி கைக்கு வந்த பிறகு: வாசகர் கேள்வி பதில்

வீட்டை இழந்து காப்பகத்தில் தங்க நேர்ந்த குடும்பங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், மறுபடியும் ஒரு வீடு கிடைத்துக் குடியேறிவிட்டவர்கள் எழுதியவை. 'வீடு கிடைத்துவிட்டது, ஆனாலும் நாங்கள் இன்னும் வீட்டுக்கு வந்து சேரவில்லை' என்று ஒரு தாய் எழுதியிருந்தார். காப்பகங்களில் குடும்ப ஆலோசகராக நீண்ட காலம் வேலை பார்த்த எனக்கு அவர் சொல்வது நன்றாகப் புரிகிறது. இந்த இதழின் பக்கம் முழுவதும் இந்தக் கடிதங்களுக்குத்தான். எழுதியவர்களின் பெயர்களையும் ஊர்களையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, வாடகை கட்ட முடியாமல் வீட்டைக் காலி செய்தோம். உறவினர் வீடு, பிறகு காப்பகம் என்று ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தோம். இப்போது ஆறு மாதமாக ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். என் 8 வயது மகன் ஒரு பையைக் கட்டிக் கதவருகே வைத்திருக்கிறான். இரண்டு சட்டை, ஒரு போர்வை, ஒரு டார்ச் லைட், தங்கையின் பொம்மை. நான் அவிழ்த்து அலமாரியில் வைத்தால் அழுகிறான், மறுநாள் மறுபடியும் கட்டிவிடுகிறான். 'இனிமேல் எங்கும் போக மாட்டோம்டா' என்று எத்தனை முறை சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறான்.

பதில்: அந்தப் பையை இனி அவிழ்க்காதீர்கள், அது அங்கேயே இருக்கட்டும். உங்கள் மகன் அதில் என்ன வைத்திருக்கிறான் என்று பாருங்கள். இருட்டுக்கு ஒரு டார்ச், குளிருக்கு ஒரு போர்வை, தங்கை அழாமல் இருக்க அவள் பொம்மை. கிளம்பும்போது எதெல்லாம் விட்டுப்போனது, அதனால் யார் யார் அழுதார்கள் என்பதையெல்லாம் அவன் கவனித்து வைத்திருக்கிறான். முதலில் அதற்காக அவனைப் பாராட்டுங்கள். 'தங்கச்சி பொம்மையை நீ மறக்கவே இல்லையே' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்.

'இனிமேல் எங்கும் போக மாட்டோம்' என்ற வாக்கை நிறுத்திவிடுங்கள். வாடகை வீட்டில் இருக்கும் யாராலும் அந்த வாக்கைக் கொடுக்க முடியாது. அது அவனுக்கும் தெரியும். போன தடவையும் யாரோ பெரியவர்கள் 'ஒன்றும் ஆகாது' என்று சொல்லியிருப்பார்கள். உங்களால் காப்பாற்ற முடிந்ததை மட்டும் சொல்லுங்கள். 'இன்ன மாதம் வரைக்கும் இந்த வீட்டுக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். மாற வேண்டி வந்தால் உனக்கு முன்கூட்டியே சொல்வேன். உன் சாமானை நீயே எடுத்துவைக்க நேரம் தருவேன். எங்கே போனாலும் நாம் நாலு பேரும் சேர்ந்துதான் போவோம்.' காலண்டரில் அந்த மாதத்தைக் காட்டியே சொல்லலாம். பொய்யான உறுதியைவிட அளவு தெரிந்த உண்மை பிள்ளைகளுக்கு நிம்மதி தருகிறது. இதைக் காப்பகங்களில் பல பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன் மாஸ்டன் என்ற உளவியலாளர் மினியாபொலிஸ் நகரக் காப்பகங்களில் தங்கியிருந்த பிள்ளைகளைப் பல ஆண்டுகள் ஆய்வு செய்தார். ஒரே காப்பகம், ஒரே வறுமை, ஆனாலும் அந்தப் பிள்ளைகளில் சிலர் படிப்பிலும் நடத்தையிலும் நன்றாகவே இருந்தார்கள். அவர்களிடம் தனிப்பட்ட அபூர்வ சக்தி எதையும் அவர் காணவில்லை. அருகில் நிதானமாக, அன்பாக, ஒரே சீராக நடந்துகொள்ளும் ஒரு பெற்றோர் இருந்ததும், தன் கோபத்தையும் கவனத்தையும் ஓரளவு கட்டுப்படுத்தப் பிள்ளை கற்றிருந்ததும்தான் பெரிய வித்தியாசத்தைச் செய்தன. மீண்டெழும் திறன் சாதாரணமான விஷயங்களிலிருந்தே வருகிறது என்று 2001ல் அவர் எழுதினார். எனக்கு இது பெரிய ஆறுதல். சாதாரணமானது என்றால் நம் கைக்கும் எட்டும் இல்லையா?

ஆகவே தினமும் மாறாமல் நடக்கிற இரண்டு மூன்று காரியங்களை உண்டாக்குங்கள். பெரிய அட்டவணை எல்லாம் வேண்டாம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவனே கதவைத் தாழிட்டு, தாழ் விழுந்ததா என்று இழுத்துப் பார்க்கட்டும். அப்புறம் விளக்கு, அப்புறம் படுக்கையில் பத்து நிமிடம் கதை. நீங்கள் களைத்திருக்கும் நாளில் கதை இரண்டு நிமிடத்தில் முடியட்டும், பரவாயில்லை, ஆனால் வரிசை மாற வேண்டாம். அலமாரியில் ஒரு தட்டை முழுக்க அவனுக்கே கொடுங்கள். அதை வேறு யாரும் தொடக்கூடாது, நீங்கள்கூட. காப்பகத்தில் அவனுக்கென்று ஒரு தட்டுகூட இருந்திருக்காது.

பை தானாக இடம் மாறும். கதவருகிலிருந்து கட்டிலுக்கடியில் போகும். ஒரு நாள் விளையாட டார்ச்சை எடுப்பான், திருப்பி வைக்க மாட்டான். அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி வந்துவிட்டது, கதவு தட்டினாலே உடம்பு தூக்கிப்போடுகிறது, விளையாடுவதையே விட்டுவிட்டான் என்றால் மட்டும் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பை ஒன்று மட்டும் என்றால் அதற்கு மருத்துவம் வேண்டியதில்லை.

கேள்வி: என் மூத்த மகளுக்கு 13 வயது. காப்பகத்தில் இருந்தபோது நான் இரவு வேலைக்குப் போய்விடுவேன். தம்பி, தங்கை இரண்டு பேரையும் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, தூங்க வைத்தது அவள்தான். இப்போது எனக்குப் பகல் வேலை. வீடும் கிடைத்துவிட்டது. இனி நீ படி, விளையாடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றால் கேட்பதில்லை. சின்னவர்களை நான் கண்டித்தால் என்னையே எதிர்த்துப் பேசுகிறாள். 'அப்ப நீ எங்கே இருந்தே?' என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதில்: அந்தக் கேள்வி உங்களை எங்கே குத்தியது என்று எனக்குத் தெரிகிறது. இருந்தாலும் அதை அவள் உங்களிடமே கேட்டாளே, அது நல்லது. பல பிள்ளைகள் கேட்காமலே பெரியவர்களாகிவிடுகிறார்கள்.

காப்பகத்தில் ஒரு தாயின் அதிகாரம் எப்படிக் கரைகிறது என்பதை வெளியில் இருப்பவர்கள் அதிகம் அறிய மாட்டார்கள். எத்தனை மணிக்குச் சாப்பாடு, எத்தனை மணிக்கு விளக்கு அணையும், யார் பார்க்க வரலாம், எல்லாவற்றையும் நிர்வாகம் தீர்மானிக்கும். பிள்ளை அடம்பிடித்தால் பத்து ஜோடிக் கண்கள் உங்களைப் பார்க்கும். உரக்கக் கண்டித்தால் ஊழியர் வந்து 'என்னம்மா' என்பார், விட்டுவிட்டால் 'வளர்ப்பு சரியில்லை' என்பார்கள். பிள்ளைகளின் எதிரிலேயே உங்களுக்கு விதி சொல்வார்கள். இதையெல்லாம் பார்க்கிற பிள்ளை, அம்மாவுக்கு மேலே யாரோ இருக்கிறார்கள், அம்மாவால் எல்லாம் ஆகாது என்று முடிவுகட்டுகிறது. மூத்த பிள்ளை சும்மா இருக்குமா? அந்த இடத்தில் தானே போய் நின்றுகொள்கிறது. உங்கள் மகள் செய்தது அதுதான். குடும்பம் சிதறாமல் நின்றதில் அவளுக்குப் பாதிப் பங்கு உண்டு.

இப்போது வீடு வந்ததும் 'நீ சின்னப் பிள்ளை, தள்ளிக்கொள்' என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்? அவள் பார்த்த வேலைக்கு இதுவரை யாரும் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. அதனால் முதலில் செய்ய வேண்டியது நன்றி சொல்வது. சின்னவர்கள் தூங்கிய பிறகு, அல்லது இருவரும் எங்காவது நடந்து போகும்போது (முகத்துக்கு முகம் உட்கார்ந்து பேசுவதைவிடப் பக்கத்தில் நடந்துகொண்டே பேசுவது இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எளிது) சொல்லுங்கள். 'நான் இரவு வேலைக்குப் போனதால்தான் நமக்கு இந்த வீடு வந்தது. நான் போக முடிந்தது நீ இருந்ததால். 13 வயதுப் பிள்ளை சுமக்கிற சுமை இல்லை அது. நீ சுமந்தாய். எனக்குத் தெரியும்.' அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். 'அதனால் இனிமேல்...' என்று அந்த இடத்திலேயே அறிவுரைக்குத் தாவிவிட்டால் சொன்ன நன்றி கரைந்துவிடும். அவள் பதில் பேசாமல் நடந்தால் நீங்களும் பேசாமல் நடங்கள்.

அதிகாரத்தை ஒரே நாளில் பிடுங்காதீர்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து அவள் செய்யும் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். எதை அவளே வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறாள், எதை விட்டால் நிம்மதி என்று அவளையே கேளுங்கள். தங்கைக்குத் தலை பின்னிவிடுவதை விடமாட்டாள், ஆனால் தம்பியின் வீட்டுப்பாடத்தைச் சந்தோஷமாக உங்கள் தலையில் கட்டிவிடுவாள். கண்டிப்பது, தண்டிப்பது, எங்கே போகலாம் கூடாது என்று சொல்வது மட்டும் அந்தத் தாளில் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும். அதைப் பேரம் பேச வேண்டாம். அவள் தம்பியை மிரட்டும்போது சின்னவர்கள் எதிரில் அவளைத் தடுக்காதீர்கள். அருகில் போய் 'நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ' என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னதைச் செய்கிறீர்கள் என்று அவள் பல தடவை பார்க்க வேண்டும். அப்போதுதான் கைகள் தளரும்.

வேலை எதுவுமே வேண்டாம் என்று எல்லாவற்றையும் எடுத்துவிடாதீர்கள். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் நடுவயது வரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, குடி, மனநோய் என்று பல சிக்கல்களுக்கு நடுவே பிறந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் தன்னம்பிக்கையும் அக்கறையும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் காணப்பட்டவற்றில் ஒன்று, குடும்பத்துக்கு உண்மையில் தேவையான ஏதோ ஒரு பொறுப்பைச் சிறு வயதில் ஏற்றிருந்தது. பொறுப்பு பிள்ளையைக் கெடுக்காது. வேறு ஆள் இல்லாமல் போவதுதான் கெடுக்கும். இனி அவளுக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

இன்னொரு செய்தியும் அந்த ஆய்வில் உண்டு. பதின்வயதில் தடம் புரண்டவர்களில் பலர் முப்பது, நாற்பது வயதுக்குள் நிமிர்ந்துவிட்டார்கள். படிப்பைத் தொடர ஒரு வாய்ப்பு, நல்ல துணை, நிலையான வேலை, இப்படி ஏதோ ஒரு கதவு திறந்திருந்தது. 13 வயதில் எதுவும் முடிந்துபோவதில்லை.

சாப்பிடுங்கள் அம்மா. நீங்கள் சாப்பிடவில்லை என்பதையும் அவள் கவனித்துக்கொண்டுதான் இருப்பாள்.

கேள்வி: நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. என் வகுப்பில் ஒரு மாணவி காப்பகத்திலிருந்து வருகிறாள். பரிதாபம் காட்டாமல் எப்படி உதவுவது?

பதில்: அவளுக்கு இப்போது வாரம் முழுக்க மாறாமல் இருக்கும் இடம் அநேகமாக உங்கள் வகுப்பறை ஒன்றுதான். அவள் உட்காரும் இடத்தை மாற்றாதீர்கள். வகுப்பில் ஒரு வேலை கொடுங்கள், கரும்பலகை துடைப்பதோ செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதோ. 'உன் வீட்டை வரைந்து வா', 'கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த படத்தைக் கொண்டு வா' போன்ற வேலைகளை எல்லாப் பிள்ளைகளுக்குமே மாற்றிக் கொடுங்கள். 'உனக்குப் பிடித்த இடத்தை வரை' என்றால் யாருக்கும் வலிக்காது. வீட்டுப்பாடத்தைப் பள்ளியிலேயே முடிக்க அரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால் நல்லது. காப்பகத்தில் மேசையும் இருக்காது, அமைதியும் இருக்காது. அவள் மேசையில் தலைவைத்துத் தூங்கினால் ஒரு நாள் விட்டுவிடுங்கள், தூக்கத்துக்குக் கணக்குப் பாடத்தைவிட அவசரம் அதிகம். அவள் நிலைமை உங்களுக்கும் தலைமையாசிரியருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

குடும்பம் வேறு பகுதிக்கு மாறினாலும் அவள் இதே பள்ளியில் தொடர வழி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அமெரிக்காவில் 1987ல் வந்த மக்கினி-வென்டோ சட்டத்தின் கீழ் வீடிழந்த பிள்ளைக்கு இன்று பழைய பள்ளியிலேயே தொடரும் உரிமை இருக்கிறது, போக்குவரத்து ஏற்பாடும் உண்டு. சான்றிதழ் கையில் இல்லை என்று சேர்க்கையை மறுக்க முடியாது. வீடு போனதோடு ஆசிரியையும் நண்பர்களும் சேர்ந்து போய்விடக்கூடாது என்பதற்காகத்தான் அது. உங்கள் பள்ளியில் அப்படி ஒரு விதி இல்லாவிட்டாலும், ஒரு தலைமையாசிரியர் மனது வைத்தால் நடக்கும்.

கேள்வி: காப்பகத்தில் இருந்ததை யாரிடமும் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறோம். 'சொந்தக்காரர் வீட்டில் இருந்தோம்' என்று சொல்லப் பழக்கியிருக்கிறேன். இது சரியா?

பதில்: வெளியாரிடம் சொல்லாமல் இருப்பது உங்கள் உரிமை. ஆனால் பொய்யை மனப்பாடம் செய்யவைத்தால், நாம் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்றே பிள்ளை எடுத்துக்கொள்ளும். 'அது எங்கள் வீட்டு விஷயம்' என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள். அது பொய்யும் இல்லை, அவமானமும் இல்லை. யாரிடம் சொல்லலாம் என்று பிள்ளையோடு பேசி இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். வெளியில் பேசாத வீடு உள்ளேயும் பேசாமல் போய்விடும். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக உளவியலாளர்கள் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் இருவரும் பிள்ளைகளிடம் குடும்பத்தைப் பற்றி 20 கேள்விகள் கேட்டார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் தெரியுமா, அப்பாவும் அம்மாவும் எப்படிச் சந்தித்தார்கள் தெரியுமா என்பது போன்றவை. குடும்பக் கதை அதிகம் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பும், தங்கள் வாழ்க்கை தங்கள் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. கேள்விகளின் விடையை மனப்பாடம் செய்வதால் இது வராது என்று அவர்களே எச்சரித்திருக்கிறார்கள். சாப்பிடும்போதும் பயணத்திலும் உட்கார்ந்து பேசிப் பேசித்தான் அந்தக் கதைகள் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. பலன் அந்தப் பேச்சில் இருக்கிறது.

ஆகவே வீட்டுக்குள் சொல்லுங்கள். வேலை போனது, வாடகை நின்றது, அழுதோம், அலைந்தோம், இன்னார் உதவினார், இங்கே வந்தோம் என்று நடந்ததை நடந்தபடி. ஒவ்வொருவர் நினைவும் வேறாக இருக்கும். உங்களுக்கு அவமானமாக இருந்த இரவு, சின்னவனுக்கு முதல் முறையாக நிறைய நண்பர்களோடு தூங்கிய இரவாக இருக்கலாம். திருத்தாதீர்கள். அவன் பார்த்தது அப்படித்தான்.

கேள்வி: நாங்கள் இருந்த காப்பகத்தில் பெண்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் மட்டுமே இடம். என் கணவர் நண்பர் அறையிலும் வேலை பார்க்கும் இடத்திலும் மாறி மாறிப் படுத்தார். இப்போது ஒரே வீட்டில் இருக்கிறோம், ஆனால் விருந்தாளி மாதிரி இருக்கிறார். எதையும் கேட்பதில்லை, பிள்ளைகளிடமும் பேசுவதில்லை. நானே முடிவெடுத்துப் பழகிவிட்டேன்.

பதில்: பல காப்பகங்களில் இந்த விதி இருக்கிறது. சில இடங்களில் வளர்ந்த மகனைக்கூடச் சேர்ப்பதில்லை. வீட்டை இழந்த குடும்பத்தை இரண்டாகப் பிரிப்பது, இருக்கிற ஒரே பலத்தையும் எடுத்துக்கொள்வதுதான். காப்பகம் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், குடும்பத்தைச் சேர்த்துத் தங்கவைக்கத் தனியறைகளுக்கு வழி தேடுங்கள். வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்களுக்கான இடங்கள் வேறு, அங்கே அந்த விதி உயிரைக் காக்கிறது.

உங்கள் கணவர் இல்லாமலே குடும்பம் நடந்தது என்பதை அவர் பார்த்துவிட்டார். நமக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்திருப்பார். 'மனம் விட்டுப் பேசுங்கள்' என்று நான் சொல்லப்போவதில்லை, அது பிறகு வரும். முதலில் வீட்டில் அவர் மட்டுமே செய்கிற ஒரு காரியம் வேண்டும். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போவது அவருடையது என்றால், அவருக்கு முடியாத நாளில் அவர்தான் மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். அவர் செய்யும் விதம் உங்களுடையதைப் போல இருக்காது. தலை வாராமல் கூட்டிப்போனால் போகட்டும், வாசலில் நின்று திருத்தாதீர்கள். வாரத்தில் ஒரு நாள், வரவு செலவைச் சேர்ந்து பாருங்கள், அடுத்த வாரத்துக்கு என்ன செய்யலாம் என்று அவரைக் கேளுங்கள். கேட்டுவிட்டு அவர் சொன்னதில் ஒன்றையாவது செய்யுங்கள். அவர் குடிக்கத் தொடங்கியிருந்தால், அல்லது செத்துப்போகலாம் என்பது போல ஏதாவது பேசினால், காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: நாங்கள் கல்லூரி மாணவர்கள். அருகிலுள்ள காப்பகத்தில் வீடிழந்த குடும்பங்களுக்குத் தன்னம்பிக்கைப் பயிற்சி முகாம் நடத்தப் போகிறோம். என்னென்ன தலைப்புகள் வைக்கலாம், மேடம்?

பதில்: உங்கள் அக்கறைக்கு நன்றி. தலைப்புகளுக்கு முன்னால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தக் குடும்பங்களுக்குக் குறைவது தன்னம்பிக்கை இல்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு இடம் இடமாக மாறி, அதற்கு நடுவில் வேலைக்கும் போய் வருகிறவர்களிடம் அது நம்மைவிட அதிகமாகவே இருக்கிறது. குறைவது வாடகை.

அமெரிக்காவின் வீட்டுவசதித் துறை இதை முறையாகச் சோதித்துப் பார்த்தது. 12 இடங்களில், காப்பகங்களில் இருந்த 2,282 குடும்பங்கள். சிலருக்கு நீண்டகால வாடகை உதவி, சிலருக்குக் குறுகிய கால வாடகை உதவி, சிலருக்கு ஆலோசனையும் பயிற்சியும் சேர்ந்த இடைக்காலத் தங்குமிடம், மற்றவர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோது நீண்டகால வாடகை உதவி பெற்ற குடும்பங்களே தெளிவாக முன்னால் இருந்தன. மறுபடி வீடிழப்பது குறைந்தது. அதோடு நிற்கவில்லை. பெற்றோரின் மன உளைச்சல், வீட்டுக்குள் துணைவரின் வன்முறை, பிள்ளைகள் பள்ளி மாறுவது எல்லாமே குறைந்தன. அந்த உதவியோடு மனநலப் பயிற்சி எதுவும் இணைக்கப்படவில்லை. கூரை நிலைத்தது, மற்றவை பின்னால் வந்தன. ஆலோசனை சொல்வதையே தொழிலாகக் கொண்ட நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். முதலில் வீடு. எங்கள் பேச்சுக்கு அதற்குப் பிறகுதான் இடம்.

நீங்கள் வாடகை கொடுக்க முடியாது, சரி. வேறு நிறையச் செய்யலாம். தொலைந்த சான்றிதழ்களுக்கு மனு எழுதி, அலுவலகத்துக்குக் கூடவே போய் வரிசையில் நில்லுங்கள். ஒரு தாய் வீடு பார்க்கப் போகும் இரண்டு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாலையில் ஒரு மேசையும் விளக்கும் போட்டு வீட்டுப்பாடம் செய்ய இடம் கொடுங்கள், நீங்கள் வருவதாகச் சொன்ன கிழமையில் தவறாமல் வாருங்கள். மூன்று வாரம் வந்துவிட்டுத் தேர்வு என்று காணாமல் போவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம். அந்தப் பிள்ளைகள் பார்த்த பிரிவு ஏற்கெனவே அதிகம். பிள்ளைகளுக்கு ஏதாவது பரிசு கொடுக்க விரும்பினால் பெற்றோர் கையில் கொடுங்கள், அவர்கள் பிள்ளைக்குக் கொடுக்கட்டும். புகைப்படம் எடுக்காதீர்கள், ஒன்றுகூட.

கேள்வி: பொறுப்பில்லாமல் செலவு செய்து வீட்டை விடுகிறவர்களும் இருக்கிறார்களே. அவர்களையும் பாராட்ட வேண்டுமா?

பதில்: வாடகை வருமானத்தைவிட வேகமாக ஏறியது, ஒருவருக்கு நோய் வந்தது, வேலை போனது, அடி தாங்காமல் மனைவி பிள்ளைகளோடு வெளியேறினாள், வெள்ளத்திலோ தீயிலோ எல்லாம் போனது. நான் பார்த்த குடும்பங்களின் காரணங்கள் பெரும்பாலும் இவைதான். பொறுப்பில்லாத பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் பிள்ளைக்கும் இரவில் படுக்க இடம் வேண்டும். 1948ன் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 25ஆவது பிரிவு வீட்டை எல்லோருக்குமான உரிமைகளில் ஒன்றாகச் சொல்கிறது, நல்லவர்களுக்கு மட்டும் என்று பிரித்துச் சொல்லவில்லை.

கேள்வி: மாதக் கடைசி வந்தாலே நெஞ்சு படபடக்கிறது. மறுபடியும் அப்படி ஆகிவிடுமோ என்று தூங்க முடியவில்லை.

பதில்: அந்தப் பயத்தை ஒரு தாளில் இறக்குங்கள். வாடகை தவறும் என்று தெரிந்த அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொல்வது, யாரிடம் எவ்வளவு கேட்க முடியும், எந்த அலுவலகத்தில் எந்த உதவிக்கு மனு கொடுக்கலாம், அவசரத்துக்குப் பிள்ளைகளை யார் வீட்டில் விடலாம் என்று வரிசையாக எழுதுங்கள். அடையாள அட்டைகள், பள்ளிச் சான்றிதழ்கள், மருத்துவச் சீட்டுகள், வாடகை ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, படம் எடுத்துப் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். இரவு மூன்று மணிக்கு மனம் கேட்கிற கேள்விகளுக்குப் பாதி பதில் அந்தத் தாளில் இருக்கும். அதன் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் தூக்கம் வராவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: அம்மா, என் மகள் குடும்பம் வீடில்லாமல் இருந்தபோது என்னால் முடிந்த பணத்தைக் கொடுத்தேன். எனக்கு 71 வயது, வேறு ஊரில் இருக்கிறேன். பேரன் பேச்சே குறைந்துவிட்டது என்கிறாள். நான் என்ன செய்ய முடியும்?

பதில்: ஐயா, உங்களால் நிறையச் செய்ய முடியும். கவாய்த் தீவு ஆய்வைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன். அதில் நிமிர்ந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் குறைந்தது ஒருவராவது நிலையாகத் துணை நின்றிருந்தார். பெற்றோரால் முடியாத வீடுகளில் அந்த ஒருவர் பல நேரம் ஒரு தாத்தாவோ பாட்டியோதான்.

வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் பேரனுக்குப் போன் செய்யுங்கள். ஞாயிறு காலை ஒன்பது மணி என்றால் ஒன்பதுதான். 'என்னடா ஆச்சு, ஏன் பேச மாட்டேங்கிறே' என்று கேட்காதீர்கள். அவனைப் பேசவைக்க வேண்டிய பொறுப்பு உங்களுக்கு இல்லை. நீங்கள் பேசுங்கள், அவன் அம்மா சிறுமியாக இருந்தபோது செய்த குறும்பைச் சொல்லுங்கள். உங்களுக்கும் ஒரு காலத்தில் கஷ்டம் வந்திருக்கும், அதை எப்படிக் கடந்தீர்கள் என்று சொல்லுங்கள். அவன் 'ம்' மட்டும் சொன்னாலும் அடுத்த ஞாயிறும் போன் செய்யுங்கள். கொடுத்த பணத்தைப் பற்றி மகளிடம் பேச வேண்டியிருந்தால் வேறொரு நாளில், பேரன் பள்ளியில் இருக்கும் நேரம் பார்த்துப் பேசுங்கள்.